வால்வு சீல் மாற்றம்: ஒரே வேலை, இரண்டு தடவை

காலையில் முதல் ஸ்டார்ட்டில் குப்பென்று நீலப் புகை வரும், அரை நிமிடத்தில் நின்றுவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தால் இன்னொரு தடவை வரும். இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வால்வு சீல் மேல்தான், அதாவது வால்வுத் தண்டு வழியே ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர் மூடி. மிதிக்க மிதிக்கப் புகை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங். அதற்கு ஹெட்டை (சிலிண்டர்களை மூடி, வால்வுகளைத் தாங்கும் மேல்பகுதி) கழற்றிப் பயனில்லை. இந்த எஞ்சினில் மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷனும் (பிஸ்டன் ஏறும்போது உண்டாகும் அழுத்தம்) குறைவு. பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தும் கேஜ் முள் ஏறவில்லை. ஏறியிருந்தால் ரிங். ஏறாததால் வால்வு, அல்லது கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). எப்படியும் ஹெட் இறங்கியாக வேண்டும். நான்கு சிலிண்டர், 8 வால்வு, ஒற்றை கேம், ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) உள்ள பெட்ரோல் எஞ்சின்.

ஹெட் இறக்குவதில் வம்பு ஏதுமில்லை. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்நோக்கி, சுற்றுக்குக் கொஞ்சமாகத் தளர்த்தினால் போதும்.

முதல் தொல்லை வால்வு லாக், அதாவது தண்டின் பள்ளத்தில் கவ்வி ஸ்பிரிங் தொப்பியைப் பிடித்து நிறுத்தும் சிறு துண்டுகள். ஸ்பிரிங் கம்ப்ரஸரை எவ்வளவு முறுக்கினாலும் ஸ்பிரிங் தொப்பி அசையவில்லை. லாக்கும் தொப்பியும் கூம்பாகக் கவ்விக்கொண்டு இறுகியிருக்கும். அந்த நிலையில் மேலும் முறுக்கினால் கம்ப்ரஸர்தான் வளையும். தொப்பியின் விளிம்பில் உட்காரும் பெரிய பாக்ஸை (ஸ்பேனர் சாக்கெட்) வைத்து, அதன் மேல் சுத்தியலால் ஒரு தட்டு. டக்கென்று விட்டுவிடும். லாக் துள்ளிப் பறக்கும் என்பதால் மேலே ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள்.

லாக் வந்ததும் வால்வு தானாக வழுக்கி வெளியே வர வேண்டும். வராவிட்டால் தட்டி இறக்காதீர்கள். ராக்கர் அடித்து அடித்துத் தண்டின் நுனி பூத்திருக்கும், லாக் பள்ளத்தின் ஓரத்திலும் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு கைடு (தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியே இறங்கினால் உள்பக்கம் முழுக்கக் கீறல்தான். மெல்லிய அரத்தால் நுனியைச் சுற்றி நான்கு இழுப்பு இழுத்தால் விரலாலேயே தள்ளிவிடலாம். கழற்றிய வால்வுகளை அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். ஒவ்வொன்றும் அதனதன் கைடுக்கே திரும்பிப் போக வேண்டும்.

மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் விளிம்பு ஓரிடத்தில் எரிந்து பள்ளமாகியிருந்தது. லேப்பிங்கில் (வால்வையும் அது உட்காரும் சீட்டையும் பேஸ்ட் வைத்துத் தேய்ப்பது) அதைச் சரிசெய்ய முடியாது, புது வால்வுதான். மற்றவற்றுக்கு முதலில் கரடு பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட். வால்வைப் பிடிக்கும் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மத்து கடைவதுபோல் உருட்டி, அவ்வப்போது வால்வைத் தூக்கிக் கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் வந்தால் போதும்; அதற்கு மேல் தேய்த்தால் சீட்தான் வீணாக அகலமாகும். பேஸ்ட்டில் ஒரு துளிகூட கைடில் தங்கக் கூடாது. மண்ணெண்ணெயில் இரண்டு முறை கழுவினேன்.

அடுத்தது முழுக்க என் தப்பு. ஸ்பிரிங்குக்கு அடியில் கைடைச் சுற்றி ஒரு தட்டை வாஷர் உண்டு. சீலுக்கு முன்னால் அதைப் போட வேண்டும். நான்காவது சீலை அழுத்தி உட்கார வைத்த பிறகுதான் ஒரு வாஷர் மேஜையிலேயே கிடப்பது கண்ணில் பட்டது. சீலைத் தாண்டி வாஷர் இறங்காது. இடுக்கியால் பிடுங்கிய சீலை மறுபடி போடவும் முடியாது. செட்டோடு இரண்டு சீல் கூடுதலாக வாங்கி வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது.

எல்லாம் பூட்டி, கையால் கிராங்கை (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு) இரண்டு சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்து, ஸ்டார்ட் செய்தால் புகை. முதல் நாள் புகை பரவாயில்லை, எக்ஸாஸ்ட் குழாயில் தங்கிய பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும். ஒரு வாரம் கழித்தும் காலையில் அதே குப். இரண்டாவது பிளக் மட்டும் ஈரமாக, கறுப்பாக இருந்தது.

மறுபடி ஹெட்டை இறக்கினால் இன்னொரு கேஸ்கெட் போகும். அதனால் இந்த முறை கயிறு. ராக்கர் ஷாஃப்ட்டைக் கழற்றி, பிஸ்டன் மேலே ஏறும் பாதிவழியில் நிற்கும்போது, பிசிறு விடாத 6 மி.மீ. நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியே ஒரு மீட்டர் அளவுக்கு உள்ளே திணித்து, வெளி நுனியில் முடிச்சுப் போட்டு, இறுகும் வரை கிராங்கைக் கையால் சுற்ற வேண்டும். கயிற்றுச் சுருள் வால்வுகளைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளும், சிலிண்டருக்குள் விழாது. ஆயில் திரும்பும் துளைகளைத் துணியால் அடைத்த பிறகே லாக்கில் கை வையுங்கள். ஒரு லாக் உள்ளே விழுந்தால் எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் சம்ப் வரை தேடிப் போக வேண்டும்.

அந்த சிலிண்டரின் இன்டேக் (காற்று நுழையும் பக்கம்) சீலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் உதட்டில் நகத்தால் கீறியதுபோல் நேர்க்கோடாக ஒரு வெட்டு. முதல் தடவை சீலைப் பொருத்திவிட்டு வால்வை அப்படியே கீழிருந்து தள்ளியிருக்கிறேன். லாக் பள்ளத்தின் கூரிய ஓரம் புது ரப்பரைக் கிழித்திருக்கிறது. இன்டேக் பக்கம் வெற்றிடம் இழுக்கும் என்பதால் அந்தக் கீறலே போதும், ஆயில் உள்ளே போய்விடும்.

பள்ளத்தின் மேல் செல்லோடேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, எஞ்சின் ஆயில் தடவி, புது சீலைத் திருகியபடி இறக்கினால் உதடு அடிபடாது. டேப்பை உரித்துவிட்டு, சீலின் தோளில் சரியாக உட்காரும் பாக்ஸை வைத்துக் கையால் அழுத்துங்கள், சுத்தியல் வேண்டாம். லாக்குகளின் உள்பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்கை விட்ட பிறகு தண்டின் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் லாக் சரியாக உட்கார்ந்துவிடும். கிராங்கைக் கொஞ்சம் பின்னால் திருப்பினால் கயிறு இலகுவாக வெளியே வரும்.

ராக்கரைப் பூட்டியதும் வால்வு இடைவெளியை (ராக்கருக்கும் தண்டின் நுனிக்கும் நடுவே உள்ளது) அளந்தே ஆக வேண்டும். லேப்பிங் செய்த வால்வு சீட்டில் இன்னும் ஆழமாக உட்காரும், தண்டு மேலே ஏறும், இடைவெளி குறையும். அப்படியே விட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோன அந்த எக்ஸாஸ்ட் வால்வின் கதிதான். முதல் 1,000 கி.மீ. ஓடியதும் மறுபடி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போட்டதில் எக்ஸாஸ்ட் இரண்டு இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தன. இரண்டாவது பிளக் காய்ந்து, வெளிர் பழுப்பாக இருந்தது.