சுவரே தூணாகிற தெரு

பதினெட்டு வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் தூண் எங்கே நிற்கும், பீம் எந்தப் பக்கம் ஓடும் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். டோக்கியோவின் ஓமோத்தேசாந்தோ தெருவில் அந்தக் கணக்கு தப்பிக்கொண்டே இருந்தது. அதனால்தான் கையில் இருந்த ஐந்து நாளில் ஒரு முழு நாளை அந்த ஒரு கிலோமீட்டருக்கே கொடுத்தேன். "கோயில், குளம் எதுவும் வேண்டாமா?" என்று மனைவி கேட்டாள். சாயங்காலம் அவளே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றாள்.

ஹராஜுகு நிலையத்தில் இறங்கியதும் நேரே தெருவுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே யோயோகி உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. 1964 ஒலிம்பிக்குக்காக கட்டடக்கலைஞர் கென்சோ தாங்கே வடிவமைத்தது. இரண்டு பெரிய கான்கிரீட் கம்பங்களுக்கு நடுவே எஃகு வடங்களை இழுத்துக் கட்டி, கூரையை அதிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய மண்டபத்துக்குள் ஒரு தூண்கூடப் பார்வையை மறைக்காது. அன்று உள்ளே போகமுடியவில்லை. வெளியே நின்று, தரையை நோக்கி இறங்கி வரும் அந்தக் கூரையின் வளைவைப் பார்த்தோம். அறுபது வருஷம் ஆன கட்டடம் என்று சொன்னால் நம்ப முடியாது.

அப்புறம் தெரு. இரண்டு பக்கமும் கெயாக்கி மரங்கள். மெய்ஜி கோயிலுக்குப் போகும் வழியாக 1920 வாக்கில் போடப்பட்ட சாலை இது. அப்போது வைத்த மரங்களில் பெரும்பாலானவை 1945 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. இப்போது நிற்பவற்றில் பெரும்பாலானவை போருக்குப் பிறகு நட்டவை. அடிமரம் ஒன்றாக எழும்பி, கொஞ்ச உயரத்திலேயே பல கிளைகளாகப் பிரிந்து விசிறிபோல விரிகிற மரம். நாங்கள் போனது நவம்பர் கடைசி. இலைகள் பழுப்பும் செம்பழுப்புமாக உதிர்ந்துகொண்டிருந்தன. இந்தத் தெருவின் நல்ல கட்டடங்கள் எல்லாம் இந்த மரத்தோடு ஏதோ ஒரு விதத்தில் பேசுகின்றன.

ஓமோத்தேசாந்தோ ஹில்ஸ் அடக்கமாகப் பேசுகிறது. தாதாவோ ஆண்டோவின் வேலை, 2006இல் திறந்தது. சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் வணிக வளாகம். ஆனால் மரங்களுக்கு மேலே தலை நீட்டக்கூடாது என்று, பாதிக் கட்டடத்தைத் தரைக்குள் இறக்கியிருக்கிறார்: கடைத்தளங்களில் மேலே மூன்று, கீழே மூன்று. உள்ளே மாடிக்கு மாடி சுற்றி ஏறும் சாய்தளம், வெளியே நடைபாதை ஏறுகிற அதே சரிவில் ஏறுகிறது. தெருவிலேயே நடந்துகொண்டிருப்பதுபோல்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டிய தோஜுன்காய் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்த இடம் இது. ஜப்பானின் தொடக்ககாலக் கான்கிரீட் குடியிருப்புகளில் ஒன்று, அதை இடித்துவிட்டார்கள். ஒரு கோடியில் மட்டும் பழைய தோற்றத்திலேயே ஒரு சிறு கட்டடத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் வாசலில் நின்றபோது மிச்சம் எல்லாம் எங்கே என்றுதான் மனசு கேட்டது.

எதிர்ப்பக்கத்தில் டியோர் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் கட்டடம், கட்டடக்கலைஞர்கள் இருவரின் சானா நிறுவனம் 2003இல் செய்தது. வெளியே கண்ணாடி, அதற்குள் திரைச்சீலைபோல மடிப்புவிட்ட அக்ரிலிக். அழகுதான், ஆனால் என் கால் அங்கே நிற்கவில்லை. நான் தேடிப்போனது அதே வரிசையில் இன்னும் மேலே இருந்தது.

தோயோ இத்தோ 2004இல் முடித்த கட்டடம் அது. டாட்ஸ் என்ற இத்தாலியத் தோல்பொருள் நிறுவனத்துக்காகக் கட்டியது. படத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்ததும் தெருவைத் தாண்டி எதிர் நடைபாதைக்குப் போய், அரைமணி நேரம் நின்றேன். கெயாக்கி மரத்தின் கோட்டுருவத்தை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்து, அந்தக் கிளைப்பின்னலையே கான்கிரீட்டில் வார்த்திருக்கிறார்கள். கீழே தண்டுபோலப் பருமனாக, இடைவெளி பெரிதாக; மேலே போகப்போகக் கிளை மெலிந்து, இடைவெளியும் சின்னச் சின்னதாகிறது. சுமையும் அப்படித்தானே, கீழே வரவரக் கூடும். மரத்துக்குத் தெரிந்த அந்தக் கணக்கையே கட்டடமும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

கிட்டே போய்ப் பார்த்தோம். சுவரின் கனம் 30 சென்டிமீட்டர். அலங்காரத்துக்கு ஒட்டிய பலகை இல்லை, இதுதான் கட்டடத்தைத் தாங்குகிறது. அதனால் உள்ளே தளங்களுக்கு நடுவில் தூணே கிடையாது. கண்ணாடிக்குச் சட்டம் இல்லை. கான்கிரீட்டும் கண்ணாடியும் ஒரே மட்டத்தில் வந்து சேருகின்றன. விரலை வைத்து இழுத்தால் ஒரு மெல்லிய கோடு மட்டும் தட்டுப்படுகிறது. ஒரே மாதிரி இரண்டு மூலை இல்லாத இந்தச் சுவருக்கு சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் வார்க்கும் பலகை அச்சு, அடித்தவர்களை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கிளை சந்திப்பிலும் கம்பி எத்தனை திசையில் வந்து கூடும்! அத்தனை நெருக்கத்துக்குள் கான்கிரீட் இறங்கி, ஒரு தேன்கூடு, அதாவது சரியாக நிரம்பாத பொத்தல், விழாமல் வந்திருக்கிறது. கட்டட வேலை தெரிந்தவனுக்கு இது கைகூப்பத் தோன்றும் இடம்.

ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கை நுழையும் அளவு சந்து விடுவதை டோக்கியோ முழுக்கப் பார்க்கலாம். நிலம் ஆடும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடவேண்டும், மோதிக்கொள்ளக்கூடாது. மனை சிறிது, நிலம் பொன் விலை, நிலநடுக்கம் எப்போது வேண்டுமானாலும் வரும். சுவரையே தூணாக்கி, உள்ளே இடத்தை மிச்சப்படுத்தும் யோசனை இந்த ஊரில் எப்படிப் பொருந்துகிறது என்று அந்தச் சந்துகளைப் பார்த்தபிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

அவோயாமா சாலையைக் கடந்தால் பிராடா என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்தின் கடை. சுவிட்சர்லாந்தின் ஹெர்சோக், டி மியூரோன் இருவரின் வடிவமைப்பு, 2003. இங்கேயும் சாய்சதுரச் சட்டகம்தான் சுமையில் பங்கு தாங்குகிறது. கண்ணாடிகளில் சில தட்டை, சில வெளியே புடைத்தவை, சில உள்வாங்கியவை. இருட்டத் தொடங்கியதும் உள்ளே விளக்கு போட்டார்கள். புடைத்த கண்ணாடிகளில் எதிர்க்கட்டடங்கள் நெளிந்து தெரிந்தன. மனையின் ஒரு பகுதியை வெறும் முற்றமாக விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தின் விலைக்கு அது சாதாரணத் துணிச்சல் இல்லை.

சரி, கால் வலிக்கிறது, உட்கார இடம் வேண்டும். குடியிருப்புச் சந்துகளுக்குள் சில நிமிடம் நடந்தால் கெங்கோ குமா 2013இல் கட்டிய சன்னிஹில்ஸ், தைவானின் அன்னாசிக் கேக் கடை. கட்டடம் முழுக்க மரக்கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பெரிய பறவைக்கூடுபோல இருக்கிறது. ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரம், 6 சென்டிமீட்டர் சதுரக் கட்டை. உள்ளே கான்கிரீட்டும் உண்டு. ஆனால் பின்னலில் ஆணி இல்லை. கட்டையில் வெட்டுவிட்டு ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கும் இந்த முறைக்கு ஜிகோகு-குமி என்று பெயர், 'நரகக் கோப்பு'. மரச்சட்டக் கதவுகளில் தட்டையாகச் செய்துவந்த பழைய தச்சு வேலையை மூன்று பக்கமும் திரும்பும்படி மாற்றியிருக்கிறார் குமா.

மாடியில் உட்காரச் சொல்லி ஆளுக்கு ஒரு கேக்கும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார்கள், காசு வாங்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் இரண்டு கட்டை சந்திக்கும் இடத்தை மனைவி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இடுக்கில் நகம்கூட நுழையவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் வாசனை இருக்கிறது" என்றாள். நானும் குனிந்து முகர்ந்தேன். இருந்தது.