தெப்பக்காட்டில் ஏழாம் வகுப்பு

24 ஜனவரி 2025, வெள்ளி

பிள்ளைகள் 22 பேரோடு கூடலூர் வழியாக முதுமலை வந்து சேர மாலை ஐந்தாகிவிட்டது. பைகளை வண்டியிலேயே வைத்துவிட்டு நேராகத் தெப்பக்காடு யானைகள் முகாமுக்குப் போனோம். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் காட்டில் வெட்டிய மரங்களை இழுக்க யானைகளைப் பழக்கினார்கள். இன்று இருப்பவை காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய கும்கிகள், தாயைப் பிரிந்த குட்டிகள், வயதாகி ஓய்வு பெற்றவை.

உணவு கொடுக்கும் நேரம். ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு. எந்த யானைக்கு எது எவ்வளவு என்று கால்நடை மருத்துவர் சொன்ன கணக்கைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். பாகன் பெரிய உருண்டையாகப் பிடித்து வாய்க்குள்ளேயே வைக்கிறார். நம் பையன் ஒருவன் ஆசையாக வாழைப்பழத்தை நீட்டப் போனான், தடுத்துவிட்டார்கள். அவன் முகம் வாடிப்போனது. பிறகு அந்தப் பலகையை அவன்தான் வரிவரியாக நோட்டில் எழுதிக்கொண்டான்.

25 ஜனவரி, சனி

கடுங்குளிர். மாயாற்றில் யானைகள் குளிப்பதைப் பார்த்தோம். பாகன்களில் பலர் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று வருகிற வேலை. ராத்திரி யானைகளை மேயக் காட்டுக்குள் விட்டுவிடுவார்களாம்.

"ஓடிப்போயிடாதா ஐயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"போகும் கண்ணு. கால்ல சங்கிலி இருக்குல்ல, அது இழுத்துட்டுப் போன தடம் இருக்கும். அதைப் பார்த்துக்கிட்டே நடப்போம். சில நாள் கிட்டவே நிக்கும், சில நாள் ரொம்ப தூரம் போயிருக்கும்."

அந்தச் சங்கிலி எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் நாள் முழுக்கக் கல்தரையில் கட்டிக்கிடக்கும் யானைகளைக் கோயில்களில் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் தன் போக்கில் மேய்ந்துவிட்டு வருவது அதைவிட எவ்வளவோ மேல்.

திரும்பும் வழியில் மூர்த்தியின் கதையைச் சொன்னேன். கேரளத்திலும் கூடலூர்ப் பக்கமும் பலரைக் கொன்ற மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை. 1998-இல் பிடித்தபோது உடம்பில் துப்பாக்கிக் குண்டுக் காயங்கள். யானை டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி வைத்தியம் பார்த்துத் தேற்றினார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அப்புறம் முகாமிலேயே சாதுவான யானை என்று பேர் வாங்கியது. 2023 அக்டோபரில் இறந்துபோனது. வண்டியில் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை. "அதைச் சுட்டவங்க யாரு டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பயிரைக் காக்க நினைத்தவர்களாக இருக்கலாம், பயந்தவர்களாக இருக்கலாம் என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

27 ஜனவரி, திங்கள்

பார்த்ததை வரையச் சொன்னேன். எல்லோரும் ஆறும் யானையும் வரைந்தார்கள். பாகனிடம் கேள்வி கேட்ட பெண்ணின் தாளில் மட்டும் யானை இல்லை. காய்ந்த இலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு, அதன் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதர். கோடு தாளின் ஓரம்வரை போயிருந்தது.