ஒரே அலுமாரியை மூன்று மென்பொருளில் வரைந்து பார்த்தேன்

மகளின் புத்தகங்களுக்கு ஓர் அலுமாரி வேண்டும். நானே வரைந்து, பிளைவுட் வாங்கி, திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கும், ஓடாவியான (தச்சரான) மாமாவிடம் கொடுத்து அறுப்பிக்கலாம் என்று நினைத்தேன். கணினியில் அளவோடு வரையும் கேட் (CAD) மென்பொருள்களில் எதைப் பழகுவது என்ற கேள்வி அங்கேதான் வந்தது. ஐப்பசி மழை பிடித்த நேரம். உப்புவெளியில் பொழுதுபட்டால் வீட்டுக்குள்தான், அதனால் தினமும் இரண்டு மணித்தியாலம் கிடைத்தது.

கேட்ட எல்லாரும் ஓட்டோகேட் என்றார்கள். காரணம் இருக்கிறது. 1982இல் வந்தது, கட்டட வரைபடம் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. படவரைஞர் வேலைக்கோ, கட்டார், டுபாய்ப் பக்கமோ போக இருப்பவர்கள் வேறு யோசனை இல்லாமல் அதையே படிக்கட்டும். எனக்கு இது பொழுதுபோக்கு. அதற்காக வருடாவருடம் சந்தா கட்ட முடியாது, களவுப் பிரதி போடவும் மனமில்லை. அதே நிறுவனத்தின் இன்னொரு மென்பொருளான ஃபியூஷனைச் சொந்தப் பாவனைக்கு இலவசமாகத் தருகிறார்கள், ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தலாம் என்ற கட்டுப்பாட்டோடு. என் பழைய லப்டொப் அதைத் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

ஒப்பீட்டு வீடியோக்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரே அலுமாரியை ஒவ்வொன்றிலும் வரைவது என்று வைத்துக்கொண்டேன். அகலம் 900 மில்லிமீற்றர், உயரம் 1200. மேலும் கீழும் ஒவ்வொரு பலகை, நடுவில் மூன்று தட்டு. தட்டுகள் பக்கப் பலகைகளில் 6 மில்லிமீற்றர் ஆழமாக வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) இறங்கும். பலகைத் தடிப்பு 18.

முதலில் ஸ்கெச்அப், இணையத்தில் கிடைக்கும் இலவசப் பதிப்பு. ஒரு செவ்வகம் கீறி, அதைப் பிடித்து இழுத்தால் பலகை. முதல் நாள் இரவே அலுமாரி திரையில் நின்றது. மகள் பக்கத்தில் இருந்து கீழ்த்தட்டு தன்னுடைய வர்ணப் பெட்டிக்கு என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அவ்வளவு சந்தோசம். இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்தை மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் படத்தை ஒரு நிமிசம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, பலகைய அளந்து பாத்தியா? கடையில முக்கால் அங்குலம் எண்டுவாங்கள், பதினெட்டு எண்டுவாங்கள். அளந்தால் வேற ஒண்டு வரும்.” முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீற்றர். வீட்டுக்கு வந்து, வாங்கி வைத்திருந்த பலகையில், தடிப்பை நுணுக்கமாக அளக்கும் வேர்னியரை வைத்தேன். 17.4. நான்கு மூலையிலும் அதே அளவுதான்.

18இல் காடி வெட்டினால் தட்டு உள்ளே ஆடும். சரி, மாற்றுவோம் என்று ஸ்கெச்அப்பைத் திறந்தேன். ஆறு காடியையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தடிப்புக் குறைந்தால் தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியும் மாறும். அதையும் கணக்குப் போட்டுக் கையால் நகர்த்தினேன். அடுத்த நாள் பார்த்தால் ஒரு காடி இன்னும் 18இலேயே நிற்கிறது. அப்போதுதான் எனக்கு விசயம் பிடிபட்டது. எவ்வளவு வேகமாக வரைகிறோம் என்பதை விட, வரைந்த பிறகு ஓர் அளவு மாறினால் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியோடு ஒன்ஷேப் போனேன். அது பிரவுசரிலேயே ஓடுகிறது. ஓர் அளவை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக அதன் பின்னால் மாறி வருகிறது. மிக நல்ல மென்பொருள். இலவசக் கணக்கில் நம் வரைபடத்தை யாரும் பார்க்கலாம். அலுமாரிதானே, அது எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மழை கொட்டும்போது எங்கள் வீட்டில் இணைய லைன் நிலைத்து நிற்பதில்லை. இரண்டு இரவு பாதியில் விட்டேன்.

மூன்றாவது ஃப்ரீகேட். முழுக்க இலவசம், லைன் இல்லாமலும் ஓடும். முதல் மூன்று நாள் கஷ்டம்தான். ஸ்கெச் என்ற தட்டைப் படத்துக்குள் ஒரு செவ்வகம் கீறினால், இன்னும் நான்கு விடயம் தீர்மானிக்கவில்லை என்று காட்டும். அகலம் கொடுத்தால் மூன்று. உயரம் கொடுத்தால் இரண்டு. ஒரு மூலையை ஸ்கெச்சின் மையப் புள்ளியில் பூட்டினால் மீதி இல்லை, கோடுகள் எல்லாம் பச்சையாகிவிடும். இனி அது எந்தப் பக்கமும் நகராது. இந்தப் பச்சை வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நான் இதைப் பழகிய நாளிலிருந்துதான் மற்றதெல்லாம் கைக்கு வந்தது.

அப்புறம் அதிலேயே உள்ள அட்டவணையைத் திறந்து, ஒரு கட்டத்தில் 18 போட்டு, ஆங்கில எழுத்தில் ‘தடிப்பு’ என்று பெயர் வைத்தேன். காடி அகலம், தட்டு நீளம், இடைவெளி எல்லாவற்றையும் அந்தப் பெயரோடு கட்டினேன். 17.4 என்று மாற்றி என்டரைத் தட்டியதும் தட்டு நீளம் 876இலிருந்து 877.2 ஆனது, இடைவெளி 277.5இலிருந்து 278.25 ஆனது, ஆறு காடியும் ஒடுங்கின. கல்குலேட்டரை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தியது.

தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய வீடியோக்களில் ஒரு பலகையின் முகத்தைத் தொட்டு அதன் மேலேயே அடுத்த ஸ்கெச்சை வைப்பார்கள். முன்னால் ஏதாவது மாறினால் மென்பொருள் முகங்களுக்கு இட்ட இலக்கங்களும் மாறி, ஸ்கெச் வேறொரு பக்கத்துக்குத் தாவிவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். அதனால் 1.0 அல்லது அதற்குப் பிந்தியதைப் போடுங்கள். நான் இப்போதும் ஸ்கெச்சைப் பலகை முகத்தில் வைக்காமல், மென்பொருளே தரும் அடிப்படைத் தளங்களிலேயே வைக்கிறேன்.

புதிய படத்தோடு மாமாவிடம் போனபோது அவர் சொன்னார்: “கொஞ்சம் இளக்கம் விடு தம்பி, மழைக்காலப் பலகை ஊதும்.” அட்டவணையில் ‘இளக்கம்’ என்று இன்னொரு வரி சேர்த்து 0.2 போட்டேன். காடி 17.6 ஆனது. மாமா 12 மில்லிமீற்றர் பிட்டை (வெட்டும் அலகை) இரண்டு தரம் ஓட்டி, முதலில் ஒரு துண்டுப் பலகையில் காடி வெட்டினார். தட்டை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். இறங்கி, ஆடாமல் நின்றது.