செக்கியூரிட்டி வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு

கிளிநொச்சியில் 'செக்கியூரிட்டி தேவை' நோட்டீஸைப் பார்த்துவிட்டு உடனே போன் அடிக்கிறார்கள், எந்த வாசலில் நிற்கப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வங்கி வாசல் என்றால் முழு நேரமும் சனத்தோடுதான் பாடு. அவசரத்தில் வருகிறவரிடம் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்ல வேண்டும், பென்சன் எடுக்க வந்த ஐயாவுக்கு எந்தக் கவுண்டர் என்று காட்ட வேண்டும், இரண்டையும் ஒரே முகத்தோடு செய்ய வேண்டும். அறிவியல் நகர்ப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை வாசல் வேறு மாதிரி, அங்கே கொப்பிதான் வேலை: லொறி இலக்கம், வந்த நேரம், சீல் இலக்கம், கேட் பாஸில் உள்ள பெட்டிக் கணக்கு எல்லாம் எழுத வேண்டும், ஒன்று பிசகினாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். பெண் பிள்ளைகளைச் சோதிக்கப் பெண் காவலர் வேண்டும், அதனால் அக்காமாருக்கும் இடமுண்டு. அரிசி ஆலை, கட்டட வேலைத்தளம் எல்லாம் இரவுக் காவல், டோர்ச்சும் நுளம்பும்தான் துணை.

சரி, சம்பளம் கதைக்கும்போது 8 மணித்தியாலமா 12 மணித்தியாலமா என்று முதலே கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்களிடம் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியின் (ETF) 3 வீதம் முழுக்க அவர் பொறுப்பு, அதை உங்கள் சம்பளத்தில் வெட்ட ஏலாது. "சம்பளச் சிட்டை இல்லை, கையில் தருகிறோம்" என்றால் வேறு இடம் பாருங்கள். ஏஜென்சி பாதுகாப்பு அமைச்சில் பதிந்ததா, சீருடைக்கும் சப்பாத்துக்கும் யார் காசு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.