ஸ்பிரிங்ஃபீல்ட் 1827: என் முதல் மஸ்கட் கைக்கு வந்த கதை

எட்டாம் வகுப்பில் எங்களைச் சென்னை கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிறது. பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி. தோற்றவனின் பிள்ளைகளைக் கையில் பிடித்திருக்கும் வெற்றி வீரன், அவ்வளவுதான் அன்று எனக்குப் புரிந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து வர்ஜீனியாவில், அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்த யார்க்டவுன் போர்க்களத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பலகையில் அதே பெயரைப் பார்த்தேன். 1781 அக்டோபர் 19 அன்று அவர் அங்கே தோற்றுச் சரணடைந்திருக்கிறார். உடம்பு சரியில்லை என்று சொல்லித் தான் வராமல், வாளை ஜெனரல் ஓ'ஹாராவிடம் கொடுத்தனுப்பினார். 1792இல் திப்புவின் பிள்ளைகளைப் பிணையாக வாங்கிய மனிதர், பதினோரு வருடத்துக்கு முன்னால் தன் வாளை நீட்டக்கூட வராதவர்.

அந்த மண்ணில் நின்றபோதுதான் அமெரிக்காவின் ஆரம்பகாலப் படைப் பொருட்கள் மேல் எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசை வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பித்தான், வெடிமருந்துக் கொம்பு, தோல்பை என்று சின்னச் சின்னதாகச் சேர்த்தபிறகு, ஒரே ஒரு மஸ்கட், அதாவது வாய் வழியாக மருந்தும் குண்டும் போடும் அந்தக் கால நீளத் துப்பாக்கி, வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு ஏழு மாதம் பிடித்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற நம் ஆட்களுக்காக அதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில். 1898 அல்லது அதற்கு முன்னால் செய்யப்பட்ட துப்பாக்கியை, 1968இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பழம்பொருளாகவே பார்க்கிறது. புதுத் துப்பாக்கி வாங்குவது மாதிரி உரிமம் பெற்ற வியாபாரி வழியாகப் போக வேண்டியதில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நான் இருக்கும் பென்சில்வேனியாவின் விதிகளைப் படித்து, சந்தேகம் இருந்த இரண்டு இடங்களை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகுதான் பணத்தை எடுத்தேன். எந்த விசாவில் இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து, எதை வாங்குவது? சுதந்திரப் போரில் ஏந்திய துப்பாக்கி என் கைக்கு எட்டாத விலை. 1795 மாடலும் அப்படித்தான். மாசச்சூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதத் தொழிற்சாலை முதலில் செய்த மஸ்கட் அது. பிரெஞ்சுக்காரர்களின் சார்ல்வில் மஸ்கட்டைப் பார்த்துச் செய்தார்கள். முதல் வருடம் முழுக்கச் செய்தது 245தான். அதனால் 1816 மாடல் என்று முடிவானது. ஸ்பிரிங்ஃபீல்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற இரண்டு அரசுத் தொழிற்சாலைகளிலும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 42 அங்குலக் குழல், 0.69 அங்குல வாய், வால்நட் கட்டை. தேடினால் கிடைக்கும், சாதாரணக் குடும்பஸ்தனால் வாங்கவும் முடியும்.

ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையை 1968இல் மூடிவிட்டார்கள். இப்போது தேசியப் பூங்காத் துறை அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது. நான்கு முறை போனேன். காசு கொடுப்பதற்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டும். லாக் என்பது துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் சுடும் பொறி. அந்த லாக் தகட்டின் நடுவில் கழுகு, அதன் கீழ் யு.எஸ். என்ற எழுத்து, வால் பக்கம் ஊர்ப் பெயரும் வருடமும். குழலின் பின்முனையில் சோதித்துப் பார்த்ததற்கான முத்திரைகள். லாக்குக்கு எதிர்ப்புறம் மரத்தில் மேற்பார்வையாளர் குத்திய முத்திரை. அது தேயாமல் எழுத்துத் தெரிகிறது என்றால் அந்தக் கட்டையை யாரும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை என்று அர்த்தம். நான் அதிகம் நம்புவது இந்த மர முத்திரையைத்தான்.

இனிமேல் சொல்லப்போவதற்கு இந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும். குதிரை என்று சொல்லும் சுத்தியின் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். கீழே பித்தளைக் கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றும். குழலின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தீத்துளை வழியாக நெருப்பு உள்ளே போகும். மழை பெய்தால் போச்சு. அதனால் செம்பால் ஆன சின்னக் குப்பிக்குள் பாதரசக் கலவையை வைத்துத் தட்டி வெடிக்கிற 'கேப்' முறை வந்ததும், 1840களில் இராணுவம் தன் பழைய கையிருப்பைத் தரம் பிரித்து, நல்லதாக இருந்த கல் துப்பாக்கிகளைக் கேப் முறைக்கு மாற்றத் தொடங்கியது. கிண்ணத்தை அறுத்து எடுத்தார்கள். தீத்துளையை அடைத்தார்கள். குழலின் மேல்புறம் புதிதாகத் துளை போட்டு, கேப் செருகும் முலையைத் திருகினார்கள். குதிரையையும் மாற்றினார்கள். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது பல படைப்பிரிவுகள் களத்துக்குக் கொண்டு போனது இப்படி மாற்றப்பட்ட கிழட்டு மஸ்கட்களைத்தான்.

ஆக, மாற்றப்படாமல் கல்லோடு தங்கிய துப்பாக்கி இன்று அரிது, விலையும் அதிகம். அந்த விலைக்காகவே பின்னாட்களில் சிலர், கேப் முறைக்கு மாறியதை மறுபடியும் கல் முறைக்குத் திருப்பினார்கள். அப்படித் திருப்பியது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. சொல்லாமல் விற்பதுதான் மோசடி.

அந்த மோசடியில்தான் நான் மாட்டினேன். ஒரு கண்காட்சியில், மேசை நிறைய அழகழகான பொருட்கள் வைத்திருந்த ஒரு வியாபாரி. 'அப்படியே கல்லோடு தப்பித்தது' என்று சொல்லி 2,800 டாலர் கேட்டார். கழுகு பளிச்சென்று இருந்தது. கையில் எடுத்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் 300 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் லாக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். வரிசை தப்பிவிட்டது. கழற்றிப் பார்த்த பிறகு முன்பணம் என்பதுதான் சரி.

அவர் முகம் மாறியது. இரண்டு ஆணிதான், கழற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. தகட்டின் முன்புறம் பழுப்பேறியிருந்தது. பின்புறம் திருப்பினால், முன்பு அடைத்து மறுபடி தோண்டிய துளைகளின் வட்டம் தெரிந்தது. பித்தளைக் கிண்ணத்தின் ஓரம் நகத்தைக் கீறுகிற மாதிரி கூர்மை. இருநூறு வருடத்துப் பித்தளை அப்படி இருக்காது. தீத்துளை ஊசி குத்தியது மாதிரி வட்டமாக இருந்தது. நூற்றுக்கணக்கான தடவை நெருப்பு போய்வந்த துளை அரித்துப் பெரிதாகியிருக்க வேண்டும். குழலின் மேல்புறத்தில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்ததும், முலை இருந்த இடத்தைப் பற்றவைத்து மூடிய திட்டு, தோலில் தழும்பு மாதிரி நிறம் மாறித் தெரிந்தது. இதையெல்லாம் காட்டினேன். 'எனக்கு வரும்போதே இப்படித்தான் வந்தது' என்றார். முன்பணம் திரும்பி வரவில்லை. பணத்தைவிட, 1840களில் ஏதோ ஒரு தொழிலாளி ஒழுங்காகச் செய்த வேலையை அழித்துவிட்டு அங்கே ஒரு பொய்யை வைத்திருக்கிறார்களே என்பதுதான் என்னை வருத்தியது. அன்று முடிவு செய்தேன், கேப் முறைக்கு மாறி, அதற்குப் பிறகு யார் கையும் படாத ஒன்றையே வாங்குவது என்று.

நான்கு மாதம் கழித்து, ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் கிடைத்தது. நெல் குதிர் மாதிரி இருந்த ஒரு களஞ்சியத்தின் மூலையில், மண்வெட்டிகளோடு சாய்த்து வைத்திருந்ததாகச் சொன்னார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட், 1827. மர முத்திரை பாதி தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. லாக் தகட்டில், கிண்ணத்தை அறுத்த பிறகு மிச்சமிருந்த விரல்நகம் அளவு பித்தளை அப்படியே இருந்தது. கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். பின்புறம் சுத்தம்.

ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வையிடும்போதே இன்னொன்றையும் செய்தேன். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். மருந்து கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாயருகே விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். கம்பியின் முனை முலைக்கு நேர் வரை எட்ட வேண்டும். என் கம்பி மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாக இருக்கலாம், துணியாக இருக்கலாம். கெட்டித்த மருந்தாகவும் இருக்கலாம். கருமருந்துக்கு வயதாவதில்லை. காய்ந்திருந்தால் நூற்றைம்பது வருடம் கழித்தும் பற்றும். களஞ்சியத்தில் எத்தனை பிள்ளைகள் அதை எடுத்து விளையாடியிருப்பார்களோ என்று நினைத்தபோது கை நடுங்கியது. ஏலக்காரர்களிடம் சொன்னதும் அதில் ஓர் எச்சரிக்கை அட்டை கட்டினார்கள். அதைப் பார்த்துச் சிலர் பின்வாங்க, 1,100 டாலரில் எனக்கு முடிந்தது.

நேராகப் பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். அவர் முதலில் குழலின் வாய் வழியாக நீர் விட்டு நாள்கணக்கில் ஊறவைத்தார். மருந்தைச் செயலிழக்கச் செய்யாமல் எதையும் தொடக்கூடாது என்றார். பிறகு நீண்ட கம்பியின் முனையில் திருகு பொருத்தி, ஈயத்தில் இறக்கி, அங்குலம் அங்குலமாக இழுத்தார். வெளியே வந்தது ஒரு பெரிய குண்டு, மூன்று சின்ன ரவைகள், கூடவே கறுப்புச் சேறாகிப்போன மருந்தும் காகித நார்களும். அவர் சிரித்தார். ஒரு குண்டு, மூன்று ரவை: அமெரிக்கப் படை இந்த வாய் அகலத் துப்பாக்கிகளுக்கென்றே காகிதத்தில் சுற்றிக் கொடுத்த தோட்டா. குறி தப்பினாலும் ரவையாவது படட்டும் என்ற கணக்கு. உள்நாட்டுப் போரின் முதல் வருடங்கள் வரைக்கும் இதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதே என்றும் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செய்தது மிகக் கொஞ்சம். மெல்லிய துணியால் தூசி தட்டி, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகை இரும்பில் லேசாகத் தடவினேன். எஃகு நார் இல்லை, வார்னிஷ் இல்லை. ஈரப்பதம் அதிகம் ஏறி இறங்காத உள்ளறையில், அடுப்புக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி வைத்திருக்கிறேன். ஒரு நோட்டில், எங்கே எப்போது வாங்கியது, எந்த முத்திரை எங்கே, எந்தப் பகுதி எப்போது மாற்றப்பட்டதாகத் தெரிகிறது என்று எழுதி, லாக்கின் இருபுறப் படங்களையும் ஒட்டினேன். எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும் அந்த நோட்டும் கூடவே போக வேண்டும்.

அம்மா போன கோடையில் வேலூரிலிருந்து வந்திருந்தார். அந்தப் பித்தளைத் துண்டைப் பார்த்துவிட்டு, 'என்னடா இப்படிக் கறுத்துக் கிடக்குது, கொஞ்சம் புளி கொண்டா, நிமிஷத்துல பளபளன்னு ஆக்கித் தரேன்' என்றார். வேண்டாம்மா, அந்தக் கறுப்புக்காகத்தான் இதை வாங்கினேன் என்று, கிண்ணம் இருந்த இடத்தையும் அறுத்த கோட்டையும் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சீசாவில் போட்டு வைத்திருந்த குண்டையும் மூன்று ரவைகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

'யாரைச் சுடறதுக்குக் கெட்டிச்சு வச்சாங்களோ, அவன் தப்பிச்சிட்டான் பாரு' என்று சொல்லி, சீசாவை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார்.