மண்டியிட்டவரும் சம்பளம் கொடுப்பவரும்

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையை அரசின் தலையீட்டிலிருந்துதான் காக்கிறது. சம்பளம் கொடுக்கும் தனியார் முதலாளியை அது கட்டுப்படுத்துவதில்லை. 2016-இல் தேசிய கீதத்தின்போது எதிர்ப்புத் தெரிவித்து மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்கைப் பற்றிய வாதங்களில் இரு தரப்பினருமே இந்த வேறுபாட்டை எளிதாக மறந்துவிடுகிறார்கள். அவர் அதை மறக்கவில்லை. அணி உரிமையாளர்கள் கூட்டுச்சேர்ந்து தமக்கு வேலை மறுப்பதாக, வீரர்கள் சங்கம் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லுடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் 2017-இல் முறையிட்டார். 2019-இல் அது சமரசத்தில் முடிந்தது.

1996-இல் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃபுக்குக் கிடைத்த இடம் இன்னும் குறுகியது. கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்ற, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் விதியை ஏற்காததால் ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்யப்பட்ட அவர், எழுந்து நின்றபடியே தலைகுனிந்து பிரார்த்தித்துக்கொள்ளலாம் என்ற உடன்பாட்டின் பேரில் களத்துக்குத் திரும்பினார். உடலை விதிக்கும் மனத்தை வீரருக்கும் பங்கிட்டுக் கொடுத்த இந்த ஏற்பாட்டை (கெட்டிக்காரத்தனமானதுதான்) உரிமை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

2018 மே மாதம் என்எஃப்எல், களத்தில் இருப்பவர்கள் கீதத்துக்கு எழுந்து நிற்காவிட்டால் அணிக்கு அபராதம் என்று அறிவித்தது. வீரர்கள் சங்கம் எதிர்த்து முறையிட்டதும் ஜூலையிலேயே அதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.