இழுப்பறையில் இருந்த 14,350 ரூபாய்

குற்றச்சாட்டுக் குறிப்பாணையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய அன்று என் அலுவலர் சொன்னது ஒரே வரிதான். "பண விஷயம்மா. டிஸ்மிஸ்தான், வேற வழியில்ல."

நான் இளநிலை உதவியாளர். கட்டணம் வாங்கி ரசீது போடுவது என் இருக்கையின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்தது. அன்றைய வசூல் 14,350 ரூபாயை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை வந்துவிடலாம் என்று நினைப்பு. திரும்பியது 23 நாள் கழித்து. விடுப்பு விண்ணப்பத்தை ஐந்தாம் நாள் தபாலில் அனுப்பினேன். பணத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அது நினைவிலேயே இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

வந்ததும் கையில் சஸ்பென்ஷன் உத்தரவு கொடுத்தார்கள். பிழைப்பூதியம் ஏறத்தாழ பாதிச் சம்பளம். அதை வாங்கவும் மாதாமாதம் "வேறெந்த வேலையும் செய்யவில்லை" என்று சான்று எழுதித் தர வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எதையோ திருடியவள் மாதிரி கூசும். எழுபது நாள் கழித்து 17(பி) விதியின் கீழ் அந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1955இல் பெரிய தண்டனைகளுக்கான வழி அது. குற்றச்சாட்டு இரண்டு: அரசுப் பணத்தைத் தற்காலிகமாகக் கையாடல் செய்தது, வேண்டுமென்றே பணிக்கு வராதது.

அன்றிரவே நான்கு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அம்மாவின் நிலைமை, குடும்பக் கஷ்டம், பதினோரு வருடக் கறையில்லாத சர்வீஸ், எல்லாம் அதில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓய்வுபெற்ற ஒரு கண்காணிப்பாளரிடம் போனேன். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் விசாரணையே இல்லாமல் வேலை போன லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அவரும் ஒருவர். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் பெரும்பாலோர் திரும்பினார்கள், அதுவும் மன்னிப்பு எழுதிக் கொடுத்து. அவரும் எழுதிக் கொடுத்தவர்தான். என் கடிதத்தைப் படித்துவிட்டு நான்காக மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"ஏம்மா, கையாடல்னு எழுதியிருக்கான். நீ மன்னிச்சிருங்கன்னு எழுதினா, ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். அப்புறம் விசாரணை எதுக்கு?"

"தப்பு நடந்தது நிஜம்தானே சார்?"

"எந்தத் தப்பு? அவன் எழுதியிருக்கிற தப்பா?"

அந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. நான் நல்லவள் என்று நிரூபிக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன். அதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. தாளில் எழுதியிருக்கும் குற்றம் நடந்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

அவர் சொல்லித்தான் அரசமைப்புச் சட்டத்தின் 311ஆவது பிரிவை முதல்முறையாகப் படித்தேன். நம்மை நியமித்த அதிகாரிக்குக் கீழே உள்ளவர் நம்மை வேலையை விட்டு அனுப்ப முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு தந்து, விசாரித்த பிறகே அனுப்பலாம். குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றவருக்கும், விசாரணையே நடத்த முடியாத சூழலிலும், நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்திலும் மட்டும் விலக்கு. "டிஸ்மிஸ்தான்" என்று சொன்ன என் அலுவலருக்கு என்னை டிஸ்மிஸ் செய்யும் அதிகாரமே கிடையாது என்று தெரிந்தபோது கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் என்னை நியமித்த மாவட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரம் இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்திருந்தது. நான் போன ஆறாம் நாள், எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் இரண்டு பேரைச் சாட்சி வைத்து என் இழுப்பறைப் பூட்டை உடைத்து, பணத்தை எண்ணி, ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றே அதைக் கருவூலத்தில் கட்டியும் விட்டார்கள். குறிப்பாணையின் ஆவணப் பட்டியலில் அந்தத் தாள் இல்லை. நகல் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் போட்டேன். "இவ்வழக்குக்குத் தொடர்பில்லை" என்று வந்தது. வேறு அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அலுவலரிடம் முதல் நாளே இந்தக் கடிதங்களை வரிசையாக வைத்தேன். அவர் படித்துவிட்டு, அடுத்த அமர்வுக்கு அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னார்.

குறுக்கு விசாரணை என்றால் கோர்ட்டில் வக்கீல் செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். சாட்சியாக என் எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் கண்காணிப்பாளர், பதினோரு வருடம் எனக்குக் கோப்பில் கையெழுத்துப் போட்ட மனிதர். ஓய்வுபெற்ற சார் எழுதிக் கொடுத்த தாளில் பதினொரு கேள்விகள். மேலே பெரிய எழுத்தில், "பதில் வந்ததும் நிறுத்து."

"நீங்கள் வந்தபோது இழுப்பறை பூட்டியிருந்ததா?"

"பூட்டியிருந்தது. நாங்கள்தான் உடைத்தோம்."

"உள்ளே எவ்வளவு பணம் இருந்தது?"

"14,350 ரூபாய்."

"ரசீதுப் புத்தகப்படி எவ்வளவு இருந்திருக்க வேண்டும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டச்சரைப் பார்த்து, "அதே தொகை" என்றார்.

இன்னும் எட்டுக் கேள்விகள் இருந்தன. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு அவ்வளவு சிரமப்படுத்தவில்லை. வராமல் இருந்ததும் வர முடியாமல் இருந்ததும் ஒன்றல்ல, வேண்டுமென்றே வரவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அதையும், மருத்துவமனையின் சேர்க்கை, வெளியேற்றச் சீட்டுகளையும் வைத்தேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. துறை விசாரணையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். 1977இல் ஹரியானாவில் ஒரு பஸ் நடத்துநரின் வழக்கில், பயணிகளை விசாரிக்காமலே குற்றம் நிரூபணமானது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை ஏன் படித்தோம் என்று ஆகிவிட்டது, இரண்டு இரவு தூக்கமில்லை.

விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. முடிவெடுக்கும் முன் நகலைத் தர வேண்டும் என்பது 1993இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்த விஷயம். தண்டனையைப் பற்றித் தனியாகப் பேச முன்பு அரசமைப்பிலேயே ஒரு வாய்ப்பு இருந்தது. 1976இன் 42ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அதனால் அறிக்கைக்கு எழுதும் பதிலே கடைசி வாய்ப்பு என்று நினைத்து எழுதச் சொன்னார் சார். கையாடல் நிரூபணமாகவில்லை, பணத்தை உடனே செலுத்தாத கவனக்குறைவு நிரூபணமாகிறது, இரண்டாவது குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று இருந்தது அறிக்கை. என் பதில் ஒன்றரைப் பக்கம்தான். கவனக்குறைவை ஒப்புக்கொண்டேன். நான் முதலில் எழுத நினைத்த மன்னிப்பு அங்கேதான், ஒரே வரியில் போனது.

உத்தரவு வர இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. ஓராண்டுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். சஸ்பென்ஷன் காலத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தனி உத்தரவு வருமாம், அது இன்னும் வரவில்லை.

திரும்பவும் அதே இருக்கை. உடைத்த பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள், இரண்டு சாவியோடு. ஒன்றைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து, பதிவேட்டில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போட்டார்.